முதியவர்களுக்குத் தசை குறைவதைக் கவனிக்க மொபைல் ஆப் உதவுமா?

உதவும். ஆனால் ஆப்பைத் திறந்ததும் பெரிதாகத் தெரிகிற எண்ணை, அதாவது எத்தனை காலடி நடந்தார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஒரு வருடத்தை விட்டுவிட்டோம்.

அப்பாவுக்கு 71 வயது, பாளையங்கோட்டையில் இருக்கிறார். நான் சென்னையில். அவர் போனிலிருந்து தினமும் ஆறாயிரம் காலடி என்று எனக்கு வந்துவிடும். எடையும் 64 கிலோவில் அசையாமல் நின்றது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன், பலகையில் இருந்து எழ இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். கேட்டால், "நான்தான் தினமும் நடக்கேம்லா, அப்புறம் என்ன?" என்றார். எடை மாறாமலே தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேரலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடை நல்லதுதான். ஆனால் தொடைக்கு வலு வர, பாரத்தை எதிர்த்து அது வேலை செய்ய வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த சோதனை இது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்று ஆசிய நாடுகளின் சார்கோபீனியா நிபுணர் குழு 2019இல் வரையறுத்திருக்கிறது (வயதாகும்போது தசையும் வலுவும் குறைவதற்குத்தான் அந்தப் பெயர்). கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33க்கும் குறைந்தாலும் அப்படித்தான். அப்பாவுக்கு 17 நொடி ஆனது.

அதற்குப் பிறகு ஆப்பை வேறு மாதிரிப் பயன்படுத்த ஆரம்பித்தோம். முதல் வேலை சாப்பாட்டுக் கணக்கு. மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் பதிந்தேன். காலையில் இட்லி, மத்தியானம் சோறும் சாம்பாரும் ரசமும், ராத்திரி தோசை. புரதம் ஒரு நாளும் 40 கிராமைத் தாண்டவில்லை. வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். அப்பாவின் எடைக்கு 64 கிராமாவது வர வேண்டும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பில் இருக்கிற ஒரு கிண்ணம் சாம்பார் வேறு, நம் வீட்டுச் சாம்பார் வேறு. வீட்டில் எவ்வளவு பருப்பு போடுகிறோம், எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று பார்த்துப் பதிந்தால்தான் கணக்கு சரியாக வரும். இரண்டு முட்டை, சாயங்காலம் ஒரு கப் சுண்டல், மத்தியானம் மீனோ கூடுதல் தயிரோ சேர்த்தோம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் நாங்கள் தொடங்கினோம்.

இரண்டாவது, உடற்பயிற்சிக்கு நினைவூட்டல். நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, எல்லாம் வாரத்துக்கு மூன்று நாள். வெறும் மணி அடித்தபோது அப்பா அதை அணைத்துவிட்டுப் பேப்பர் படித்தார். அந்த நேரத்துக்கு நான் வீடியோ காலில் வந்து கூடவே செய்ய ஆரம்பித்த பிறகுதான் அவர் விடாமல் செய்தார். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன்.

தசை எவ்வளவு என்று காட்டும் எடை மெஷினை வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உடம்பில் இருக்கிற தண்ணீரைப் பொறுத்தே அந்த எண் மாறும், அதனால் ஒரு நாள் அளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நாற்காலிச் சோதனையே போதுமாக இருக்கிறது. காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, அடிக்கடி தடுமாறினாலோ ஆப்பை மூடிவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. 17, 15, 15, 13 என்று இறங்கி, போன ஞாயிறு 11 நொடி. இப்போது ஸ்டாப் வாட்சை அம்மா பிடிக்கிறார், எண்ணை அப்பாவே பதிந்து அனுப்புகிறார். அடுத்த வாரத்திலிருந்து அம்மாவுக்கும் கணக்கு தொடங்குகிறோம்.