கழுத்துப் பொரியும் மூன்று பிளேடும்

கேள்வி: ஆபீஸுக்கு தினமும் ஷேவ் செய்துகொண்டு வரச் சொல்கிறார்கள். மூன்று பிளேடு ரேசரில் மழித்தால் மறுநாளே கழுத்தில் பொரிப்பொரியாகச் சிவந்து அரிக்கிறது. எனக்குச் சுருட்டை முடி. எலக்ட்ரிக் ஷேவருக்கு மாறிவிடலாமா? அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். அவருக்கு எது நல்லது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: மாறலாம். ஆனால் ஷேவர் பிளேடைவிட வழவழப்பாக மழிக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், அது பிளேடை நெருங்காது. உங்களுக்கு வேண்டியதே அந்தக் குறைதான். மூன்று பிளேடு ரேசரில் முன்னால் போகிற பிளேடு முடியைக் கொஞ்சம் இழுக்க, பின்னால் வருவது அதை இன்னும் அடியில் வெட்டிவிடுகிறது, நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. நேர் முடி என்றால் பெரும்பாலும் நேராக வெளியே வந்துவிடும். சுருட்டை முடி வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளரும், உடம்பு அதை முள் தைத்த மாதிரி எடுத்துக்கொண்டு வீங்கும். உங்கள் கழுத்தில் நடப்பது அநேகமாக இதுதான். ஷேவர் ஒரு துளி முடியை மேலே விட்டுவைப்பதால் இது குறையும். சீழ் வைத்தாலோ கருமை படிந்தாலோ தோல் டாக்டரைப் பாருங்கள்.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். நம் அப்பாக்கள் வைத்திருந்த அந்தப் பழைய ஒற்றை பிளேடு ரேசர் இப்போதும் கிடைக்கிறது, பிளேடும் சில ரூபாய்தான். குளித்த பிறகு நுரையைப் பூசி இரண்டு நிமிடம் விடுங்கள், முடி தண்ணீரைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் அழுத்தாமல், முடி வளர்கிற திசையிலேயே ஒரே ஒரு முறை. சலூனில் செய்வது போல எதிர்ப்பக்கம் இழுக்கிற ஆசையை விட்டுவிட வேண்டும், கஷ்டம்தான். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

கேட்கவில்லையா, ஷேவர் வாங்குங்கள். வட்டத் தலைகள் சுழல்கிற வகை, மெல்லிய சல்லடைத் தகடு வைத்த வகை என்று இரண்டு உண்டு. தினமும் மழிப்பவர் நீங்கள், தகடு வகையை எடுங்கள். மூன்று நாள் விட்டால் மட்டும் நீண்ட முடி படுத்துக்கொண்டு தகட்டின் ஓட்டைக்குள் நுழையாது, முதலில் ட்ரிம்மர் போட வேண்டியிருக்கும். 1930-ல் அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் காப்புரிமை வாங்கியபோதே இந்த மிஷினின் பெருமை தண்ணீரும் சோப்பும் வேண்டாம் என்பதுதான், ஆனால் நம் ஊர் வியர்வையில் ஈரத் தோல் தகட்டோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும். அதனால் இதைக் குளிப்பதற்கு முன், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்யுங்கள். (நனைத்தும் பயன்படுத்தலாம் என்று விற்கிற மாடல்களும் இருக்கின்றன, விலை கூடுதல்.) முதல் இரண்டு மூன்று வாரம் தோல் முரண்டு பிடிக்கும், நான்காம் நாளே ஓஎல்எக்ஸில் விற்கப் போய்விடாதீர்கள். தகடும் உள்ளே இருக்கும் கத்தியும் தேயும், மாற்று உதிரி கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு யோசிக்கவே வேண்டாம், எலக்ட்ரிக்தான். அந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சின்ன வெட்டும் நெடுநேரம் கசியும், சர்க்கரை இருந்தால் ஆறவும் நாளாகும். ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒன்று என்று மிச்சம் பிடிக்காதீர்கள். ஷேவரிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ரத்தம் படும். அவருக்குத் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.