வாசற்படி ஏறும்போதே கால் பின்னுகிறது

அன்புள்ள மேடம், வணக்கம்.

எனக்கு 37 வயது. கோவில்பட்டியில் இருக்கிறேன். தனியார் நர்சரி பள்ளியில் ஒன்பது வருடம் டீச்சராக இருந்தேன். சம்பளம் கட்டுப்படியாகாமல் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆனேன். 25 மணி நேரப் பயிற்சி, ஐ.சி.38 தேர்வு இரண்டையும் முடித்துப் பத்து மாதம் ஆகிறது. தேர்வில் பாஸான அன்று வீட்டில் கேசரி கிண்டினேன்.

இந்த வேலைக்கு நான் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. நான் பிளஸ் டூ படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அப்பாவுக்குப் பாலிசி போட்ட மாமா சைக்கிளில் வந்தார். உறவு இல்லை, தெருவில் எல்லோருக்கும் அவர் 'பாலிசிக்கார மாமா'. இறப்புச் சான்றிதழுக்கு அலைந்ததும் அவர்தான், படிவம் நிரப்பியதும் அவர்தான். அம்மா கையெழுத்து மட்டும்தான் போட்டாள். வந்த 1 லட்சத்தில்தான் நான் பி.ஏ. முடித்தேன்.

இதுவரை 11 பாலிசி போட்டிருக்கிறேன். அதில் எட்டு சொந்தக்காரர்களுடையது. இனி கேட்கச் சொந்தத்தில் ஆளில்லை. போன மாதம் கழுகுமலையில் ஒரு கல்யாணம். என்னைக் கண்டதும் சித்தி மகள் பந்திக்குப் போவதுபோல நழுவிவிட்டாள். கூடப் படித்த தோழியோ, "நீயும் பாலிசி பிடிக்கக் கிளம்பிட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அன்றிலிருந்து போனைத் தொடவே பயமாக இருக்கிறது. காலையில் இருபது பேரை எழுதிவைத்துக்கொண்டு உட்காருவேன். துணி துவைக்கலாம், அரிசி புடைக்கலாம் என்று எழுந்துவிடுவேன். மதியம் ஆகிவிடும். தெரியாத வீட்டு வாசற்படி ஏறினால் கால் பின்னுகிறது. பிச்சை கேட்கப் போவதுபோல இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியில் எங்கள் அதிகாரி, "டார்கெட்டுக்கு ஒரு பாலிசிதான் குறை. முதல் பிரீமியத்தை நீங்களே கட்டிவிடுங்கள், கமிஷனில் சரியாகிவிடும்" என்றார். செயினை அடகு வைத்து, எங்கள் தெரு தையல்காரர் பெயரில் 14,000 ரூபாய் கட்டினேன். இரண்டாவது தவணையை அவர் கட்டவில்லை. பாலிசி போய்விட்டது. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.

எனக்கு விற்கத் தெரியவில்லையா, நான் இதற்கு லாயக்கே இல்லையா? திரும்பப் பள்ளிக்கே போய்விடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விற்பனையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் செயின்.

இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது வட்டி ஏறும் அந்த நகையும், வீட்டில் மறைத்த பாரமும்தான் என்று நினைக்கிறேன். இந்த வாரமே கணவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம். அந்தக் கோபம் ஒரு நாளோ இரண்டு நாளோ. மறைத்துக்கொண்டு வாழ்வது அப்படி இரண்டு நாளில் தீராது. வாடிக்கையாளரின் பிரீமியத்தை ஏஜென்ட் கட்டுவது உங்களுக்கு நஷ்டம் என்பதோடு நிற்பதில்லை. பாலிசி எடுக்க வைப்பதற்காகக் கமிஷனில் பங்கு தருவதையும் பிரீமியத்தில் தள்ளுபடி தருவதையும் 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு தடைசெய்கிறது. அடுத்த மார்ச்சில் யார் கேட்டாலும், "சார், அது என்னால் முடியாது" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பயம். சித்தி மகள் நழுவினாள், தோழி கேலி செய்தாள், தையல்காரர் கட்டவில்லை. நடந்தவை மூன்று, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. நீங்கள் மூன்றையும் ஒன்றாக முடிந்து 'நான் லாயக்கில்லை' என்று எழுதிவிட்டீர்கள். மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் ஏஜென்ட்டுகளிடம் ஆராய்ந்தது இதைத்தான். ஒருவர் 'வேண்டாம்' என்றதும் ஏஜென்ட் தனக்குள் என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார் என்று பார்த்தார். 'என்னிடம்தான் குறை, இது மாறாது, எதிலும் இப்படித்தான்' என்பவர்கள் சீக்கிரம் சோர்ந்து விலகினார்கள். 'அவருக்கு இப்போது நேரம் சரியில்லை' என்று எடுத்துக்கொண்டவர்கள் நிலைத்தார்கள். வழக்கமான நுழைவுத் தேர்வில் தோற்று, நம்பிக்கை மட்டும் மிகுந்திருந்த ஒரு குழுவையும் அந்த நிறுவனம் வேலைக்கு எடுத்துப் பார்த்தது. தேர்வில் வென்று சேர்ந்த நம்பிக்கை குறைந்தவர்களைவிட அந்தக் குழு முதல் ஆண்டில் 21 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 57 சதவீதமும் கூடுதலாக விற்றது. இந்த நம்பிக்கை பழகினால் வரும் என்பதுதான் செலிக்மனின் முடிவு.

பழகுவது இப்படி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். 'வேண்டாம்' கேட்ட உடனே, வீடு திரும்பும்வரை காத்திருக்காமல், உங்களைச் சேராத ஒரு காரணத்தையாவது அதில் எழுதுங்கள். 'மகள் காலேஜ் பீஸ் கட்டுகிற மாதம்.' 'ஏற்கெனவே மூன்று பாலிசி இருக்கிறது.' உங்கள் தவறும் இருந்தால் அதையும் எழுதுங்கள், ஆனால் திருத்தக்கூடிய அளவில்: 'அவர் கடையில் கூட்டம் இருந்த நேரத்தில் போனேன்.' அது அடுத்த தடவை மாற்றக்கூடியது. 'லாயக்கில்லை' என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

இருபது பேர் பட்டியலைக் கிழித்துவிடுங்கள். காலை பத்து மணிக்கு மூன்று போன், அவ்வளவுதான். எத்தனை பாலிசி என்பது உங்கள் கையில் இல்லை, மூன்று போன் இருக்கிறது. மூன்றும் முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. பயம் தணிந்த பிறகு போன் செய்யலாம் என்று காத்திருந்தால் பயம் வளரும். போன் செய்யச் செய்யத்தான் அது தணியும். இரண்டு வாரம் கழித்து ஐந்தாக்குங்கள்.

சொந்தக்காரர்களிடம் ஆறு மாதம் பாலிசி பேச்சே எடுக்காதீர்கள். கல்யாணத்துக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கடமைக்காகப் பாலிசி எடுத்த உறவுக்காரர் அடுத்த தவணையில் முகம் சுளிப்பார், உறவும் கெடும்.

'பிச்சை' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் என்னை வெகுநேரம் உட்கார வைத்தது. கேட்பதற்கு மட்டுமே போனால் அப்படித்தான் தோன்றும். நீங்கள் ஒன்பது வருடம் டீச்சர். ஒரு குழந்தை ஏன் அழுகிறது என்று கண்டுபிடிக்க எத்தனை கேள்வி கேட்டிருப்பீர்கள்! அதே கேள்விகளோடு போங்கள். வீட்டில் சம்பாதிப்பது யார், கடன் எவ்வளவு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அந்தச் சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓடும்? அரைமணி நேரம் பேச்சென்றால் இருபது நிமிடம் அவர்கள் பேசட்டும். திட்டத்தின் பெயரை உங்கள் பையிலிருந்து கடைசியில் எடுத்தால் போதும்.

கையில் பணமே இல்லாத வீடு என்றால், வங்கியிலோ தபால் நிலையத்திலோ ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தைச் சொல்லுங்கள். 18 வயதிலிருந்து 50 வரை சேரலாம். உங்களுக்கு ஒரு பைசா வராது. ஆனால் அந்த வீட்டுப் படி ஏற இனி உங்கள் கால் பின்னாது. பாலிசி எடுத்தவரிடமும், பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்க விடாதீர்கள். முதல் மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்து, மறைத்தது தெரிந்தால், பணம் கிடைக்காமல் போகலாம். அன்று அந்தக் குடும்பத்தின் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான்.

பள்ளிக்குத் திரும்புவது தோல்வி இல்லை. வீட்டுச் செலவுக்கு இப்போது மாதச் சம்பளம் தேவை என்றால் காலையில் பள்ளி, மாலையில் இது என்று ஒரு வருடம் ஓட்டலாம். பசியோடு விற்கப் போகிறவரால் வாடிக்கையாளரின் நன்மையை நினைக்க முடிவதில்லை, டார்கெட்தான் நினைவில் நிற்கும்.

செயின் விஷயம் வீட்டில் பேசிய பிறகும் இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் வராவிட்டால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பாலிசிக்கார மாமா இருக்கிறாரா? இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் அப்பாவிடம் அந்தப் பாலிசியை எழுதி வாங்க அவர் எத்தனை தடவை உங்கள் வாசலுக்கு வந்து திரும்பிப் போனார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்