மபோனெங் இருண்டு கிடந்த இடமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரின் மையத்தில், ஜோனதன் லீப்மன் என்ற இளைஞர் 24 வயதில் பாழடைந்த கிடங்குகளை வாங்கி, இருண்டு கிடந்த ஒரு வட்டாரத்தையே மபோனெங் என்ற, உலகம் பேசும் கலைப் பகுதியாக மாற்றினார் என்று படித்தேன். துணிச்சல் ஒன்றே போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? இத்தகையவர்களின் வாழ்க்கையைத் தங்கள் இதழில் வெளியிடாமல், ரியல் எஸ்டேட் என்றாலே குறை காணும் கட்டுரைகளை மட்டும் வெளியிடுவது ஏன்?

பதில்: தாங்கள் படித்தது பொய்யன்று; ஆனால், பாதியில் நின்றுவிட்ட கதை. லீப்மன் தொடங்கிய ப்ராப்பர்ட்யூட்டி நிறுவனம் பின்னாளில் நொடித்துப்போனதும், அதன் வசமிருந்த கட்டடங்கள் 2019-இல் ஏலத்துக்கு வந்ததும் தங்கள் கேள்வியில் இல்லை. விழுந்தவரை எள்ளுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எழுச்சியை மட்டும் வெட்டி எடுத்து முன்மாதிரி என்று நீட்டினால், அதை நம்பிக் குடும்பச் சொத்தை அடகு வைத்து இந்தத் தொழிலில் இறங்கும் இளைஞருக்கு நாம் தீங்கு செய்தவர்கள் ஆவோம் என்பதால் சொல்கிறேன்.

அவருக்கு உரிய பாராட்டை முதலில் மனமாரக் கொடுத்துவிடுகிறேன். 1886-இல் தங்கம் கிடைத்ததால் எழுந்த நகரம் ஜோகன்னஸ்பர்க். 1990-களில் அதன் மையத்தை விட்டுப் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வடக்கே சாண்டன் என்ற புறநகருக்குக் குடிபெயர்ந்தன. புகழ்பெற்ற கார்ல்டன் ஹோட்டல் மூடப்பட்டது. 2000-இல் பங்குச் சந்தையே சாண்டனுக்குப் போய்விட்டது. பணம் படைத்தவர்கள் கார்க் கண்ணாடியை இறக்கவும் அஞ்சிய அந்த மையத்தின் கிழக்கு ஓரத்தில், மெயின் தெருவில் இருந்த பழைய கிடங்குகளை லீப்மன் வாங்கினார். அவற்றை இடித்துத் தள்ளாமல், பழைய சுவர்களை வைத்துக்கொண்டே செப்பனிட்டு, 2009-இல் ‘ஆர்ட்ஸ் ஆன் மெயின்’ என்ற பெயரில் திறந்தார். உலகப் புகழ்பெற்ற ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் தம் பணிக்கூடம் ஒன்றை அங்கே அமைத்தார். ஞாயிறுதோறும் கூடிய சந்தைக்கு, பத்து ஆண்டுகளாக நகர மையத்தில் காலே வைக்காதவர்கள் குழந்தைகளோடு வந்தார்கள். அடுத்துக் குடியிருப்புகள், ஒரு சிறிய திரையரங்கு, ஒரு விடுதி எனப் பணி விரிந்தது. அந்த விடுதியில் 12 அறைகள். நகரம் பிறந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஓர் அறை என ஒதுக்கி, அந்தந்தக் காலத்தை ஒட்டிக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் அவற்றை ஒப்பனை செய்திருந்தார்கள். 2017-இல் 140 பழைய சரக்குக் கொள்கலன்களை வெட்டி அடுக்கி எழுப்பிய குடியிருப்பு, கட்டடக்கலை இதழ்களில் பெரிதும் பேசப்பட்டது. பழையதை மதித்துப் புதியதைச் செய்யும் கண் அவருக்கு இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது ‘இருண்டு கிடந்த’ என்ற சொல். அந்தப் பகுதிக்கு மபோனெங் என்று பெயர் சூட்டினார்கள். சோத்தோ மொழியில் ‘ஒளியின் இடம்’ என்று பொருள். அழகான பெயர்தான். ஆனால், விளக்கு ஏற்றப்படுவதற்கு முன்னும் அங்கே மனிதர்கள் இருந்தார்கள். ஒட்டியே இருக்கும் ஜெப்பிஸ்டவுனில் கார் பழுதுபார்க்கும் பட்டறைகளும் சிறு தொழிற்கூடங்களும் இயங்கின. குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஆண்கள், தலைமுறைகளாகத் தொழிலாளர் விடுதிகளில் தங்கினார்கள். கைவிடப்பட்ட தொழிற்சாலைகளில் அட்டையாலும் துணியாலும் தடுப்புக் கட்டிக் குடும்பங்கள் வாழ்ந்தன. 2015 மார்ச்சில், வெளியேற்றத்துக்கு அஞ்சிய ஜெப்பிஸ்டவுன் மக்கள் தெருவில் இறங்கியபோது, அவர்களுடைய சினம் மபோனெங்கை நோக்கித் திரும்பியது. போலீசார் ரப்பர் குண்டுகளால் அவர்களைக் கலைத்தார்கள். அவர்களை வெளியேற்ற முனைந்தவர் லீப்மன் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஒரு தெருவில் சதுர அடி விலை ஏறினால், அடுத்த தெருவில் பத்து ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத உரிமையாளரும் பத்திரத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவார். வட்டாரத்தின் விலையை ஏற்றுவதே தொழிலாகக் கொண்டவர், அந்த ஏற்றத்தின் விளைவு தமக்குத் தொடர்பில்லாதது என்று சொல்லிவிட முடியாது.

வெளியேற்றப்படுவோருக்கு என்ன நேர்கிறது என்பதை அதே நகரின் வழக்கு ஒன்று காட்டுகிறது. பெரேயா என்ற பகுதியில், சரடோகா அவென்யூவில் ஒரு பழைய வணிகக் கட்டடத்தில் 86 பேர் வாழ்ந்துவந்தார்கள். அதை வாங்கிய ‘புளூ மூன்லைட்’ என்ற நிறுவனம் அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தது. 2011 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம், உரிமையாளருக்குக் கட்டடம் திரும்பக் கிடைக்க வேண்டும்; ஆனால், அந்த மக்களுக்கு மாநகராட்சி முதலில் மாற்றிடம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்படித் தரப்பட்ட காப்பகத்தில் காலையில் கதவைப் பூட்டினால் மாலைவரை உள்ளே நுழைய முடியாது; ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம் என்பதால் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ முடியாது. இந்த விதிகள் மனித கண்ணியத்துக்கு எதிரானவை என்று 2017-இல் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில், மபோனெங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆல்பர்ட் தெருவில், மாநகராட்சிக்கே சொந்தமான ஓர் ஐந்து மாடிக் கட்டடம் எரிந்து 70-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்கள் நகருக்குள் இருப்பதற்கான அனுமதிச் சீட்டை வழங்கிய அலுவலகம் இருந்த கட்டடம் அது. வேறெங்கும் வாடகை கட்ட இயலாதவர்கள் கடைசியில் அங்கேதான் ஒண்டியிருந்தார்கள்.

‘துணிச்சல் ஒன்றே போதும்’ என்கிறீர்கள். 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், யார் எங்கே வாழலாம், யார் எங்கே சொத்து வைத்திருக்கலாம் என்பதை நிறத்தைக் கொண்டு முடிவு செய்தது. அது நீக்கப்பட்டது 1991-இல்தான். லீப்மன் கிடங்குகளை வாங்கிய காலத்துக்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள்கூட இல்லை. கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த சோவெட்டோவில் பிறந்த, அவரையொத்த வயதும் அவரினும் மிகுந்த துணிச்சலும் உடைய ஒரு கறுப்பின இளைஞர் அன்று வங்கிக்குப் போயிருந்தால், பிணையாகக் காட்ட அவருடைய பெற்றோரிடம் நகரில் ஒரு பட்டா இருந்திருக்குமா? பெற்றோருக்குச் சொத்து வாங்கும் உரிமையே மறுக்கப்பட்ட வீட்டில் பிறந்தவரிடம், துணிவில்லாததால்தான் நீ முன்னேறவில்லை என்று சொல்வது பெரும் கொடுமை. லீப்மன் வெள்ளையர் என்பதைத் தாங்கள் படித்த கட்டுரை குறிப்பிட்டதா என்று தெரியவில்லை. இந்தக் கதையில் அது சிறு செய்தியன்று.

தொழிலாகப் பார்த்தாலும் கணக்கு எளிதன்று. பழைய கட்டடத்தைக் கடனில் வாங்கிப் புதுப்பித்து, அறை அறையாகப் பிரித்து விற்கிறவருக்கு வருமானம் விற்பனையின்போதுதான் வருகிறது. வட்டியோ மாதம் தவறாமல் வருகிறது. விற்பனை ஓரிரு ஆண்டுகள் தொய்ந்தால், முந்தைய கட்டடத்தின் கடனை அடைக்க அடுத்த கட்டடத்தை விற்றாக வேண்டும். தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சியின் கையில் இருக்கின்றன. தன் பங்குக்குத் தெருமுனைகளில் தனியார் காவலர்களை நிறுத்தலாமே தவிர, ஒரு நிறுவனம் நகரத்தின் வேலை முழுவதையும் செய்துவிட முடியாது. இந்தச் சுமைகளைப் பேசாமல் மாடிகளின் எண்ணிக்கையை மட்டும் பேசும் வெற்றிக் கதைகளைத்தான் நான் மறுத்துவருகிறேன்.

ரியல் எஸ்டேட் தொழிலை நான் வெறுப்பதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். வீடு கட்டுகிறவர் இல்லாமல் நகரம் இல்லை. லீப்மனின் பத்து ஆண்டுகளைத் தாங்களே எழுதி அனுப்புங்கள். நான்கு பக்கம் ஒதுக்குகிறேன். 2009-இல் திறந்த கதவும் 2019-இல் விழுந்த ஏலச் சுத்தியலும் அதில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போட்டவரும், ஜெப்பிஸ்டவுன் விடுதியில் கட்டிலுக்கு வாடகை கொடுத்தவரும், முதலீடாக ஓர் அறை வாங்கிவிட்டு ஏல அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்தவரும் அதில் பேசட்டும். ஒரு வரியும் வெட்டாமல் வெளியிடுகிறேன்.