காரில் ஹசார்ட் சுவிட்ச் (எல்லா இண்டிகேட்டர்களையும் ஒன்றாக மினுக்கும் பொத்தான்) வேலை செய்யவில்லை, நானே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் சரியாக இருந்து, இடது வலது இண்டிகேட்டர்களும் எரிந்து, ஹசார்ட் மட்டும் எரியாவிட்டால் சந்தேகம் சுவிட்ச் மேல்தான்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது, அவசரம் வேண்டவே வேண்டாம். அதன் மஞ்சள் நிறக் கப்ளர்களை (வயர்களை இணைக்கும் பிளக்குகளை) தொடாதீர்கள். சுவிட்சைச் சுற்றியுள்ள பேனலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கீறல் விழும், கிளிப் உடையும். பிளாஸ்டிக் நெம்பி விலை குறைவுதான், வாங்கிவிடுங்கள். சுவிட்சின் பின்னாலுள்ள கப்ளரின் பூட்டை அழுத்திக்கொண்டு கப்ளரைப் பிடித்து இழுங்கள், வயரை அல்ல.

கழற்றிய சுவிட்சின் முனைகளுக்கு இடையே மின் இணைப்பு வருகிறதா என்று மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) வைத்து, சுவிட்சை அழுத்திப் பாருங்கள். அழுத்தினாலும் மீட்டரில் எந்த மாற்றமும் இல்லையென்றால் சுவிட்ச் போய்விட்டது. பழையதன் பார்ட் நம்பரைக் காட்டியே புதியதை வாங்குங்கள். பேனலை மூடும் முன் பேட்டரியை இணைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.