கையெழுத்து இருக்கிறது, போட்டவர் இல்லை

கோப்பாய் வாசகர் ஒருவரின் கடிதம் ஆறு பக்கம். சுருக்கினால் இவ்வளவுதான். 2019இல் சண்டிலிப்பாயில் ஒருவரிடம் 1973ஆம் ஆண்டு டொயோட்டா லாண்ட் குரூசர் வாங்கினார். எஃப்ஜே40, ஆறு சிலிண்டர், பெற்றோல். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருப்பது விற்றவருடைய மாமாவின் பெயர், அவர் கனடாவில் இருந்தவர். கையெழுத்துப் போட்டு, திகதி போடாத ஓப்பன் பேப்பர், அதாவது பெயர் மாற்றப் படிவம், கைக்கு வந்தது. மூன்று வருடம் கராஜில் நின்று, துருப்பிடித்த இடங்களை வெட்டி வெல்டிங் வைத்து, 32 இலட்சம் செலவழித்து ஓட வைத்தார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மாமாவின் மகள் அந்தப் பழைய ஸ்ரீ இலக்கத் தகட்டைத் தெருவில் கண்டு, "இது அப்பாவின்ர வாகனம்" என்று பொலிசில் முறைப்பாடு செய்துவிட்டார். அப்பா காலமானது 2016இல். வாகனம் இப்போது பொலிஸ் வளவில் நிற்கிறது. இதற்கிடையில், உள்ளே இருப்பது பழைய எஃப் என்ஜின் அல்ல, 1975இல் வந்த 2எஃப் என்று மெக்கானிக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரிஜினல் என்று பொய் சொல்லி விற்றவர் மீது மோசடி வழக்குப் போடலாமா என்பது கேள்வி.

தம்பி, என்ஜினை விடுங்கள். மகள் தெருவில் நின்று பேசிய பேச்சையும் விடுங்கள். வருடாவருடம் புகைப் பரிசோதனை செய்து, காப்புறுதி கட்டி, பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் எடுத்தது நீங்கள்தான் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வரிப்பத்திரம் வாகனம் ஓட அனுமதி, அவ்வளவுதான். யாருடைய வாகனம் என்று அது சொல்லாது. நீங்கள் எடுத்த ஒவ்வொன்றிலும் இறந்தவரின் பெயர்தானே இருக்கிறது?

பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று. மாமா உயிரோடு இருந்தபோது அந்த வாகனத்தை மருமகனுக்கு, அதாவது உங்களுக்கு விற்றவருக்கு, விற்றாரா, அல்லது பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போனாரா? விற்றுக் கையளித்திருந்தால், பெயர் மாற்றாவிட்டாலும் மருமகனுக்கு உரிமை வந்திருக்கும், அவரிடமிருந்து உங்களுக்கும் வந்திருக்கும். புத்தகத்தில் பெயர் இருப்பது மட்டும் முடிந்த முடிவல்ல. ஆனால், விட்டுப் போனார் என்றால் மருமகன் வெறும் காவல்காரர். "வித்துப்போடு" என்று மாமா கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தாலும், அந்த அதிகாரம் 2016இல் மாமாவோடு போய்விட்டது. 2019இல் விற்க மருமகனிடம் ஒன்றும் இல்லை. இல்லாததை விற்றால் வாங்கியவருக்கும் இல்லை. 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்து இதுதான் நிலை. மாமா மருமகனிடம் பணம் வாங்கியதற்கு ஒரு வங்கித் துண்டோ கடிதமோ உண்டா? உங்கள் ஆறு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஐந்தாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். ஓப்பன் பேப்பரில் 2015 என்று திகதி போட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்தால் மாற்றிவிடலாம் என்று புரோக்கர் சொல்கிறாராம். கடிதம் முழுவதிலும் என்னைப் பயப்படுத்தியது அந்த வரிதான். கையெழுத்து உண்மையானதாக இருக்கலாம். இறந்தவர் போடாத திகதியை நீங்கள் போட்டு, 2019இல் வாங்கியதை 2015இல் வாங்கியதாகக் காட்டினால் அது பொய் ஆவணம். அதைத் திணைக்களத்தில் நீட்டுவது, போலி ஆவணத்தை உண்மையென்று பயன்படுத்திய குற்றம். இன்றுவரை நீங்கள் ஏமாந்த ஒருவர். அந்தப் பேனையை எடுத்த நிமிடத்திலிருந்து எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். புரோக்கர் சாட்சிக் கூண்டுக்கும் வரமாட்டார், சிறைக்கும் வரமாட்டார்.

இன்னொன்றும் போகும். நல்லெண்ணத்தோடு ஒரு பொருளை வைத்திருந்து, அதற்குப் பயனுள்ள செலவு செய்தவருக்கு நட்டஈடு கேட்க எங்கள் ரோமன் டச்சுச் சட்டம் இடம் தருகிறது. பணம் தரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கவும் வாதாடலாம். உங்கள் 32 இலட்சத்தில் ஏதாவது மீளும் என்றால் இந்த ஒரு வழியால்தான். முழுவதும் கிடைக்காது, வாகனத்தின் பெறுமதி கூடிய அளவுக்குத்தான். அலங்காரச் செலவை யாரும் கணக்கெடுக்கமாட்டார்கள். ஆனால் அத்தனைக்கும் அடிப்படை நல்லெண்ணம். பொய்த் திகதி போட்டவருக்கு அது எங்கே? முறைப்பாட்டுக்குப் பிறகு செய்யும் செலவும் இதில் சேராது. ஆகவே இனி ஒரு ரூபாய்க்கும் சாமான் வாங்காதீர்கள்.

சரி, மோசடி வழக்கு. என்ஜின் மாறியிருக்கிறது என்று முறைப்பாடு கொடுத்தால் அதில் என்ன இருக்கும்? புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கம் வேறு, ஓடுகிற என்ஜின் வேறு, அதைத் திணைக்களத்துக்கு அறிவிக்காமலே ஓட்டினேன் என்று உங்கள் கையொப்பத்தோடு நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். என்ஜின் எப்போது, யார் கையில் மாறியது என்று இனி யார் சாட்சி சொல்லப்போகிறார்கள்? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. அந்த நாட்களின் என்ஜின் கதைகளை நீதிமன்றத்தில் அவிழ்க்கத் தொடங்கினால் முடியாது.

இப்போது வெல்டிங். முன்பக்கச் செசியில் (வாகனத்தின் அடிச்சட்டத்தில்) துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்ததாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம்? இந்த வாகனத்தில் செசி இலக்கம் அடித்திருப்பது வலது முன்பக்கச் செசியில். கடற்காற்றுக்கு அந்த இடமும் உக்கும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் இலக்கத்தையும் சேர்த்து வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அமிலம் பூசி, அழிந்த இலக்கத்தை எழுப்பிப் பார்க்கலாம்; இல்லாத இரும்பில் எதை எழுப்புவது? அவருடைய உரிமை பற்றி யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. ஆனாலும் வாகனம் வளவிலேயே உக்கியது. வலது பக்கம் என்றால் இன்றைக்கே கராஜுக்குப் போய், வெட்டிய துண்டு கிடக்கிறதா என்று தேடுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்கள், பில் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள். இலக்கத்தைத் திரும்ப அடிக்க மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் வாகனத்தைக் கேட்கலாம். யாருடைய கையிலிருந்து பொலிஸ் எடுத்ததோ அவரிடம் பிணைமுறியில் விடுவிக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படிக் கிடைத்தால் வழக்கில் வென்றதாக நினைத்து விற்கவோ மாற்றவோ கூடாது. உரிமையை அங்கே தீர்ப்பதில்லை. அது மாவட்ட நீதிமன்ற வேலை, வருடக்கணக்கில் இழுக்கும்.

என் ஆலோசனை: இணங்கிப் போங்கள். மகளுக்கு அந்த வாகனத்தைக் கனடாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருக்காது. ஒரு நியாயமான தொகை கொடுத்தால் முடியக்கூடிய விடயம். ஆனால் மகளோடு மட்டும் முடித்து ஏமாறவேண்டாம். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையா, பொதுச் சட்டமா, குடியேறிய நாட்டுச் சட்டமா என்ற வாதத்துக்கே போகாமல், இறந்தவரின் மனைவி, பிள்ளைகள் அத்தனை பேரின் கையொப்பமும் வாங்குங்கள். கனடாவில் இருப்பவர்கள் இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோணித் தத்துவம் (தங்களுக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) முடித்து அனுப்பட்டும். மரணச் சான்றிதழும் அசலாக வேண்டும். பெயர் மாறும் நாளில்தான் முழுப் பணம், முதலில் ஒரு பகுதி மட்டும். என்ஜின் இலக்கத்தையும் அப்போதே திணைக்களத்தில் திருத்துங்கள். மருமகனிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது பிறகு. தொகை சிறிதென்றால் அதை மறந்துவிடுங்கள்.

மகள் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் விமானம் ஏற முன் போய்க் கதையுங்கள். போகும்போது அந்த மருமகனையும் புரோக்கரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டாம்.