கொலாஜனைக் கூட்டும் கிறீம்: எதில் சோதித்தார்கள்?

கேள்வி: என் அம்மா இளம் வயதிலிருந்தே மலையில் கொழுந்து பறித்தவர். இப்போது முகமும் கைகளும் சுருங்கிவிட்டன. ‘கொலாஜனை அதிகரிப்பது ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்று விளம்பரம் செய்யும் விலை கூடிய கிறீமை அவருக்கு வாங்கிக் கொடுக்கலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: கொலாஜன் என்பது தோலை உறுதியாக வைத்திருக்கும் புரதம். காசைக் கொடுக்குமுன், அது கூடுவதை எதில் நிரூபித்தார்கள் என்று கேளுங்கள். இத்தகைய பல சோதனைகளில், தோலின் உட்படையிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் கொலாஜனை உருவாக்கும் கலங்களைத் தட்டில் வளர்த்து, மூலப்பொருளை நேரடியாக அவற்றோடு சேர்த்து, கலங்கள் சுரக்கும் புரோகொலாஜனை (கொலாஜனின் முன்வடிவத்தை) அளப்பார்கள். ஆரம்பக்கட்டச் சோதனையாக இது பயனுள்ளதே. ஆனால் முகத்தில் பூசும் பொருள் முதலில் மேற்றோலைத் தாண்ட வேண்டும். 500 டால்டனுக்கு (டால்டன், மூலக்கூறின் எடையைக் குறிக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் அதை எளிதில் தாண்டுவதில்லை. கொலாஜனோ ஏறத்தாழ 3 இலட்சம் டால்டன். ஆகவே கொலாஜன் கலந்த கிறீம் மேலேயே தங்கி, ஈரத்தைக் காப்பதோடு நின்றுவிடும்.

எந்தக் கிறீமும் ஈரமூட்டிச் சுருக்கத்தைச் சில மணிநேரம் மறைக்கும் என்பதால், மருந்து கலந்ததை ஒரு பக்கத்திலும் மருந்தில்லாத அதே கிறீமை மறுபக்கத்திலும் மாதக்கணக்கில் பூசி, பின்னர் சிறு தோல் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பதே நான் நம்பும் முறை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோரின் ஒரு கையில் 0.4 சதவீத ரெட்டினோல் (விற்றமின் A-யின் ஒரு வடிவம்) 24 வாரங்கள் பூசப்பட்டது. அந்தக் கையில்தான் புரோகொலாஜன் கூடியிருந்தது. 1993இல் வெளியான ஆய்வில், வெயிலால் சேதமுற்ற தோலில் ட்ரெட்டினோயின் எனும் விற்றமின் A சார்ந்த மருந்தை 10 முதல் 12 மாதங்கள் பூசியவர்களிடம் தோலில் அதிகமுள்ள முதல்வகைக் கொலாஜனின் உருவாக்கம் 80 சதவீதம் உயர்ந்தது. மருந்தில்லாத கிறீமைப் பூசியவர்களிடம் அது 14 சதவீதம் குறைந்தது.

அம்மாவின் மேற்கையின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். புறங்கையின் அதே வயதுதான் அந்தத் தோலுக்கும். ஆனால் வெயில் படாததால் வழவழப்பாகவே இருக்கும். புறவூதாக் கதிர்கள் கொலாஜனைச் சிதைக்கும் நொதியங்களைத் தூண்டுகின்றன. உயரம் 1,000 மீற்றர் கூடக்கூட அக்கதிர்களும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகின்றன. நம் மலைநாட்டுக் குளிரில் வெயிலின் சூடு உறைக்காவிட்டாலும் அக்கதிர்கள் தோலில் படவே செய்யும். அவுஸ்திரேலியாவில் நான்கரை ஆண்டுகள் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிறீன் பூசச் சொல்லப்பட்டவர்களிடம், விரும்பியபோது மட்டும் பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆகவே முதலில் சன்ஸ்கிறீன், அகன்ற தொப்பி, நீண்ட கைச்சட்டை ஆகியவற்றுக்குச் செலவழியுங்கள். அதற்கு மேலும் வேண்டுமானால், தோல் வைத்திய நிபுணரிடம் காட்டி ட்ரெட்டினோயின் பற்றிக் கேளுங்கள். ஆரம்பத்தில் தோல் சிவந்து உரியக்கூடும் என்பதால், அவர் சொல்லும் அளவில் இரவில் மட்டும் பூச வேண்டும். நீங்களும் பூச எண்ணினால், கர்ப்ப காலத்தில் அதைத் தொடவே கூடாது.