கூ தேத்தா: குத்தியது யார்?

வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கூ தேத்தா என்பதை 'கூப் டி எட்டாட்' என்று எழுதலாமா? 'கூ' என்றால் வெட்டு என்கிறார்களே, உண்மையா? தமிழில் ராணுவப் புரட்சி என்று போட்டால் போதுமா?"

கூ தேத்தா (coup d'état) என்பது ஆட்சி அதிகாரத்தைச் சட்டத்தை மீறித் திடீரென்று கைப்பற்றுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். உச்சரிப்பு எளிது. பிரெஞ்சில் 'கூ'வுக்குப் பின்னால் உள்ள 'ப்' ஒலிக்காது, கடைசி 'ட்'டும் ஒலிக்காது, அதனால் கூ தேத்தா என்றே எழுதுங்கள்.

வெட்டு இல்லை, அடி. கிரேக்கத்தில் கொலாஃபோஸ் என்றால் கையால் விடும் குத்து. மத்தேயு நற்செய்தியில் இயேசுவின் முகத்தில் துப்பி அடிக்கிறார்களே, அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது இதன் வினைவடிவம்தான். அது லத்தீனில் கொலாஃபுஸ் ஆகி, பேச்சில் கொல்புஸ் என்று தேய்ந்து, பிரெஞ்சுக்கு வந்தபோது 'ல்' உகரமாகக் கரைந்து 'கூ' ஆகிவிட்டது. இத்தாலியரின் கோல்போவில் அந்த 'ல்' இன்னும் பத்திரமாக இருக்கிறது. வெட்டுதல் என்ற பொருள் தரும் கூப்பே, இந்தக் கூவிலிருந்து பிறகு பிறந்த வினை. நாம் கிழித்துக் கொடுக்கும் கூப்பன் அதன் பிள்ளை. குழப்பம் இங்கிருந்துதான் வந்திருக்கும்.

தேத்தா என்றால் 'எத்தாவின்'. அந்த எத்தா என்பது லத்தீன் ஸ்டாட்டுஸ், அதாவது நிலை. சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' வந்தால் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வது, நாம் ஸ்கூலை இஸ்கூல் என்கிறோமே, அதே பழக்கம். எஸ்தாத் ஆகி, அப்புறம் 'ஸ்' உதிர்ந்தது. நிலை என்ற பொருளும் மெல்ல அரசு என்று விரிந்தது.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருவோம். இது அரசின் மேல் விழுந்த அடி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் 1639-இல் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் நோதே இதைப் பற்றி ஒரு நூலே எழுதியபோது, அரசே தன் நலனுக்காகச் சட்டத்தை மீறித் திடீரென்று அடிக்கும் அடி என்ற பொருளில் எழுதினார். 1799 நவம்பரில் நெப்போலியனோடு சேர்ந்து பிரான்சின் ஆட்சியைக் கவிழ்த்த அரசியல்வாதி சியேஸ், நாட்டை அப்போது ஆண்ட ஐவர் குழுவிலேயே ஒருவர். 1851 டிசம்பர் 2 அன்று பிரான்சின் நாடாளுமன்றத்தைக் கலைத்த லூயி நெப்போலியனோ (முன்னவரின் தம்பி மகன்), மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி! அடி உள்ளேயிருந்துதான் விழுகிறது.

அதனால் புரட்சி என்று தயவுசெய்து போடாதீர்கள், அது 1789-இல் பாரிஸ் மக்கள் தெருவில் இறங்கியதற்கு உரிய சொல். ராணுவம் ஆட்சியாளரை இறக்கினால் 'ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு' என்று எழுதுங்கள். பதவியில் இருப்பவரே சட்டத்தைத் தூக்கி எறிந்தால் அங்கே கவிழ்ப்பும் பொருந்தாது, 'அதிகாரப் பறிப்பு' என்பேன்.